இணையவழிப் பட்டம்: மறைக்கவும் வேண்டாம், மலிவாக நினைக்கவும் வேண்டாம்

சில வருடங்களுக்கு முன் எனது கடைக்குக் கணக்குப் பார்க்க ஒரு பொடியன் தேவைப்பட்டார். ஏறாவூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். சுயவிபரக் கோவையில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் வணிகப் பட்டம். பக்கத்தில் 'லண்டன்' என்று இருந்தது.

"லண்டன்ல எந்தப் பக்கம் இருந்தீங்க தம்பி? நம்மட மச்சானும் அங்கதான்" என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். தம்பியின் முகம் வாடி விட்டது. "இல்ல காக்கா, ஒன்லைன்ல படிச்சது" என்றார். பொய்க்காரன் என்று முடிவு கட்டி அனுப்பி விட்டேன்.

பிறகுதான் விபரம் தெரிந்தது. பகலில் அரிசி ஆலையில் சிட்டை எழுதி, இரவில் படித்து, நான்கு வருடத்தில் முடித்த பட்டம் அது. அதை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் அன்றே வேலைக்கு எடுத்திருப்பேன். இன்று அவர் கல்முனையில் வேறொருவரின் கடையில் கணக்கை நிமிர்த்தி வைத்திருக்கிறார். அவர் மறைத்தது ஒரு பிழை. நான் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்காதது அதைவிடப் பெரிய பிழை.

வீட்டிலிருந்து படித்துப் பட்டம் பெறுவது புதிய விடயமல்ல. லண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலிருந்தே வெளிவாரியாகப் பட்டம் வழங்கி வருகிறது. நமது நாட்டில் 1980இல் தொடங்கப்பட்ட இலங்கை திறந்த பல்கலைக்கழகத்திற்கு மட்டக்களப்பிலும் நிலையம் உண்டு. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழினுட்ப வெளிவாரிப் பட்டம் 2000ஆம் ஆண்டு ஆரம்பமானது. 2020இல் கொவிட் வந்து வளாகங்கள் மூடப்பட்டபோது, உள்வாரி மாணவர்களும் சூம் வழியாகத்தான் படித்தார்கள். இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு, அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் இணையவழி மற்றும் தொலைக்கல்விப் பட்டங்கள் வழமையான பட்டங்களுக்குச் சமம் என்று 2022இல் அறிவித்தது. ஆகவே எந்த வழியில் படித்தார் என்பதல்ல, எங்கே படித்தார் என்பதே முதற் கேள்வி.

பட்டம் பெற்ற பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். சுயவிபரக் கோவையில் பட்டத்தின் முழுப் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயர், தொடங்கிய வருடம், முடித்த வருடம் ஆகியவற்றை எழுதுங்கள். 'ஒன்லைன்' என்று பெரிய எழுத்தில் போட வேண்டியதில்லை. ஆனால் போகாத ஊரில் இருந்ததாகக் காட்டாதீர்கள். அதற்குக் கீழேயே, அந்த வருடங்களில் செய்த வேலையையும் எழுதுங்கள். '2019 - 2023, முகாமைத்துவப் பட்டம். இதே காலத்தில் மொத்த வியாபார நிலையத்தில் முழுநேரக் கணக்கு உதவியாளர்' என்று இரண்டு வரி போதும். உழைப்பும் நேர ஒழுங்கும் அதிலேயே தெரிந்து விடும். முடிக்காத படிப்பென்றால் 'தொடர்கிறது' என்று எழுதுங்கள். சில வாரத்துக் குறுகிய பாடநெறிகளைப் பட்டத்தோடு கலக்காமல் வேறாகப் போடுங்கள்.

நேர்முகப் பரீட்சையில் கேட்டால் உடனே, தலை நிமிர்ந்து சொல்லுங்கள். ஏன் இந்த வழியைத் தெரிவு செய்தீர்கள், பரீட்சை எங்கே, எப்படி நடந்தது, படித்ததில் எதை வேலையில் பயன்படுத்தினீர்கள் என்ற மூன்றுக்கும் பதில் ஆயத்தமாக இருக்கட்டும். 'வாப்பாவுக்கு உதவியாகக் கடையில் நின்றேன், அதனால் இரவில் படித்தேன்' என்பது வெட்கப்படும் பதிலல்ல.

இனி, வேலை கொடுக்கும் நம்மவர்களுக்கு. போலிப் பட்டங்களும் சந்தையில் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கராச்சியில் இயங்கிய அக்சாக்ட் என்ற நிறுவனம், இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் பட்டம் விற்றதை 2015இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை வெளிக்கொண்டு வந்தது. வளைகுடா நாடுகளிலும் அதற்கு வாடிக்கையாளர் இருந்தனர். வகுப்பில்லை, பரீட்சையில்லை, பணம் கட்டினால் பட்டம் என்றால் அது பட்டமல்ல, அச்சடித்த கடதாசி.

சரிபார்ப்பது கஷ்டமல்ல. உள்நாட்டுப் பட்டமென்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். வெளிநாடென்றால் சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் உலக உயர்கல்வித் தரவுத்தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சந்தேகம் தீராவிட்டால், விண்ணப்பதாரியின் சம்மதத்துடன் பதிவாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பலாம். வளைகுடாவுக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவிலும் உரிய தூதரகத்திலும் சான்றிதழை உறுதிப்படுத்த நேரிடும். சில நாடுகள் படித்த முறையையும் கேட்கும். பணம் கட்டிச் சேர முன்னரே இதை விசாரிப்பது நல்லது.

இவ்வளவும் பார்த்த பின், கடைசிச் சோதனையைக் கடையிலேயே வையுங்கள். ஒரு மாத வங்கிக் கூற்றையும் காசேட்டையும் கையில் கொடுத்து இணக்கக் கூற்றுத் தயாரிக்கச் சொல்லுங்கள். அரை மணித்தியாலத்தில் ஆள் யாரென்று தெரிந்து விடும். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் மூட்டையின் முத்திரையை மட்டும் பார்த்து நாம் வாங்குவதுமில்லை, வேண்டாமென்று திருப்புவதுமில்லை. அன்று அந்தத் தம்பியின் விடயத்தில் நான் செய்தது அதைத்தான்.