சினைப்பையில் கட்டி என்று ஸ்கேன் சொன்னால்

வயிற்று வலிக்காக ஸ்கேன் எடுக்கப் போய், "இடது சினைப்பையில் 4.2 செ.மீ. கட்டி, இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும்" என்ற ஒற்றை வரியோடு வீடு திரும்பும் பெண்ணுக்கு அந்த இரண்டு மாதமும் தூக்கம் வராது. ஏன் காத்திருக்க வேண்டும் என்று யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் பாதி பயம் போயிருக்கும்.

மாதவிடாய் வரும் பெண்ணின் சினைப்பையில் மாதந்தோறும் ஒரு சிறு நீர்ப்பை வளரும். ஏறக்குறைய 2 செ.மீ. ஆனதும் அது வெடித்து முட்டை வெளியே வரும். சில மாதங்களில் வெடிக்காமல் பெருத்துக்கொண்டே போகும். சில மாதங்களில் வெடித்த இடத்தில் ரத்தம் தேங்கும். இரண்டுமே ஸ்கேனில் கட்டியாகத்தான் தெரியும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் தானாகக் கரைந்துவிடும். ஆகவே காத்திருப்பதும் ஒரு பரிசோதனைதான். கரையாமல் நின்றாலோ வளர்ந்தாலோ அடுத்த கட்டத்துக்குப் போவார்கள்.

ரிப்போர்ட்டில் 'சிம்பிள் சிஸ்ட்' என்றிருந்தால் மெல்லிய சுவர், உள்ளே தெளிந்த நீர் மட்டும். மாதவிடாய் வரும் வயதில் 5 செ.மீ.க்குள் இருந்தால் பொதுவாக மறு ஸ்கேன்கூடத் தேவைப்படாது. பயமுறுத்துவது 'காம்ப்ளெக்ஸ்' என்ற சொல். கொழுப்பும் முடியும், சில நேரம் பல்லும்கூட இருக்கும் டெர்மாய்டு கட்டியும், எண்டோமெட்ரியோசிஸில் வரும் சாக்லேட் சிஸ்ட்டும் அந்தப் பெயரில்தான் வரும். இவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. டாக்டரிடம் கேட்க வேண்டியது வேறு: கட்டிக்குள் கெட்டியான பகுதி இருக்கிறதா, டாப்ளர் ஸ்கேனில் அதற்கு ரத்த ஓட்டம் தெரிகிறதா, வயிற்றில் நீர் சேர்ந்திருக்கிறதா?

அடுத்து வருவது சி.ஏ. 125 ரத்தப் பரிசோதனை. வழக்கமான வரம்பு 35. மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பத்திலும், ஃபைப்ராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும் அது ஏறும். வயிற்றுக் காசநோயில் நூற்றுக்கணக்கில் ஏறுவதுண்டு. மறுபக்கம், ஆரம்பநிலை சினைப்பைப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது இயல்பாகவே இருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இரவில் கூகுளில் தேடாதீர்கள். மாதவிடாய் நின்ற பிறகுதான் அதற்குக் கூடுதல் மதிப்பு. ஸ்கேனில் தெளிவில்லை என்றால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

"ஊசி போட்டு எடுத்துப் பார்த்துவிடலாமே" என்று வீட்டில் கேட்பார்கள். சந்தேகம் உள்ள கட்டியைக் குத்தினால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தக்கூடும். அதனால் முழுதாக அகற்றித்தான் சோதிப்பார்கள்.

மாதவிடாய் நின்றவர்களும், தாய் அல்லது சகோதரிக்கு மார்பக, சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் டாக்டர் கேட்காமலே அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். வாரக்கணக்கில் வயிறு உப்பல், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துபோவது, அடிக்கடி சிறுநீர் என்றிருந்தால் அடுத்த தேதி வரை தள்ளிப்போடாதீர்கள். அடிவயிற்றில் ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால், கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது நள்ளிரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில மணி நேரத் தாமதத்தில் சினைப்பையையே இழக்க நேரிடும்.

மறு ஸ்கேனை மாதவிடாய் முடிந்த சில நாளில் எடுப்பது நல்லது. பழைய ரிப்போர்ட்டோடு படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.