ஒரே ஓர் ஆட்டம்

பேஸ்பால் விளையாட்டில் பந்தெறிபவரைப் பிட்சர் என்பார்கள். கிரிக்கெட் பந்துவீச்சாளரைப் போல அவர் ஓடிவருவதில்லை. சிறு மண்மேட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி முன்னே ஊன்றி எறிகிறார். இடக்கையால் எறிபவருக்கு உடலின் எடை வந்து இறங்குவது வலக்காலில். அமெரிக்கரான பெர்ட் ஷெப்பர்டு இடக்கைப் பிட்சர். முழங்காலுக்குக் கீழே அவருடைய வலக்கால் செயற்கைக் கால்.

1920இல் இந்தியானா மாநிலத்தில் பிறந்த ஷெப்பர்டு, சிறிய லீக்குகளில் ஆடிவந்தபோது போர் வந்தது, போர்விமானி ஆனார். 1944 மே 21 அன்று ஜெர்மனியில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. சினங்கொண்டு சூழ்ந்த உழவர்களிடமிருந்து அவரை மீட்டு மருத்துவமனையில் சேர்த்தவர் எதிரிப் படையின் மருத்துவரான லாடிஸ்லாஸ் லாய்டில். காலைக் காப்பாற்ற இயலவில்லை, உயிர் தங்கியது.

போர்க்கைதிகள் முகாமில் டான் எர்ரி என்ற கனடியக் கைதி, கிடைத்த பொருள்களைக் கொண்டு ஒரு செயற்கைக் காலைச் செய்து தந்தார். அதைப் பூட்டிக்கொண்டு ஷெப்பர்டு நடக்கவும் பந்தெறியவும் பழகினார்.

கைதிப் பரிமாற்றத்தில் 1945 பிப்ரவரியில் தாயகம் திரும்பி, வால்டர் ரீடு இராணுவ மருத்துவமனையில் இருந்தபோது, போர்த்துறைத் துணைச் செயலர் ராபர்ட் பேட்டர்சன் அவரைக் கண்டு, இனி என்ன செய்ய விருப்பம் என்று வினவினார். பேஸ்பால் ஆட வேண்டும் என்றார் ஷெப்பர்டு. பேட்டர்சன் அதை விளையாட்டுப் பேச்சாகக் கொள்ளவில்லை. வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் உரிமையாளரிடம் பேசினார். உடனிருந்து கவனிக்கும் குடும்பத்தார் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டுமென விழைகிறோம். வலி எப்படி, உறக்கம் எப்படி என்று நாம் நாள்தோறும் கேட்கிறோம். என்ன செய்ய ஆசை என்று கேட்பது அரிது.

1945 ஆகஸ்டு 4. பாஸ்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில், நான்காம் இன்னிங்ஸிலேயே செனட்டர்ஸ் 2க்கு 14 என்று பின்தங்கிவிட்டது. இழக்க ஏதுமில்லாத அந்த நேரத்தில் ஷெப்பர்டு அழைக்கப்பட்டார். மூன்று தளங்களிலும் எதிரணியினர் நின்றிருக்க, எதிர்கொண்ட முதல் ஆட்டக்காரரையே பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினார். தொடர்ந்து ஆட்டம் முடியும்வரை அவரே எறிந்தார். விட்டுக்கொடுத்தது ஒரே ஓர் ஓட்டம்.

பெரிய லீக்கில் அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டந்தான். போர் முடிந்து பழைய வீரர்கள் திரும்பினர். அவரது காலுக்கும் மீண்டும் அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. வெற்றிக் கதைகளில் இப்பகுதியை விட்டுவிடுவது வழக்கம். நாங்கள் விட விரும்பவில்லை. செயற்கைக் கால் பொருத்திய பின்னரும் எஞ்சிய காலின் அளவு மாறும், தோல் உராயும். உறுத்தலையும் சிவப்பையும் மன உறுதியால் பொறுத்துக்கொள்ள வேண்டா. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஷெப்பர்டு சிறிய லீக்குகளில் ஆடினார். பின்னர் வேறு பணிக்குச் சென்றார். உறுப்பிழந்தோருக்கான அமெரிக்கக் கோல்ஃப் போட்டியில் 1968இலும் 1971இலும் வென்றார். தம்மை மீட்ட மருத்துவர் யாரென்று நெடுங்காலம் அறியாதிருந்தார். 1993இல் இருவரும் சந்தித்தபோது, வயலில் விமானம் விழுந்து 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.