வயல் அனுபவத்தையும் பாடமாக்கி விற்கலாம்... பொறுப்போடு!

உங்கள் ஊரில் மண்புழு உரம் தயாரிப்பதில் கைதேர்ந்தவர் ஒருவர் இருப்பார். மா ஒட்டுக் கட்டுவதில் பெயர் வாங்கியவர் இருப்பார். தேனீப் பெட்டி வைத்திருப்பவர், காளான் குடில் போட்டிருப்பவர், நாட்டுக்கோழி வளர்ப்பவர் என யாராவது இருப்பார்கள். அது நீங்களாகவேகூட இருக்கலாம். வாரத்துக்கு நான்கு பேராவது தேடி வந்து, "எப்படிச் செய்றீங்கண்ணே, கொஞ்சம் சொல்லிக் கொடுங்க" என்று கேட்பார்கள். நீங்களும் வேலையைப் போட்டுவிட்டு, டீ வாங்கிக் கொடுத்து, அரை நாள் சொல்லிக்கொடுப்பீர்கள். அடுத்த வாரம் வேறு நான்கு பேர் வருவார்கள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதையே ஒருமுறை ஒழுங்காகப் படம்பிடித்துப் பாடமாக்கி, இணையத்தில் விற்றால் என்ன? பல விவசாயிகள் என்னிடம் இப்போது கேட்கும் கேள்வி இது. நானும் சிப்பிக் காளான் வளர்ப்பு குறித்து அப்படி ஒரு பாடம் தயாரித்து விற்றிருக்கிறேன். அதில் கிடைத்த வருமானம், நான் செய்த தவறு இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பாடச் சந்தை என்பது என்ன?

உழவர் சந்தையில் இடம் அரசினுடையது, காய் உங்களுடையது. இணையப் பாடச் சந்தையும் ஏறக்குறைய இப்படித்தான். தளம் அவர்களுடையது, பாடம் உங்களுடையது. பணம் வசூலிப்பது, வீடியோவைச் சேமித்து வைப்பது, கற்பவர்களுக்குக் காட்டுவது ஆகியவற்றைத் தளம் பார்த்துக்கொள்ளும். அதற்காக ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

இவற்றில் பலரும் அறிந்தது 2010-ல் தொடங்கப்பட்ட யுடெமி. அதை நிறுவியவர்களில் ஒருவரான எரென் பாலி, துருக்கியில் ஒரே ஓர் அறை கொண்ட கிராமப் பள்ளியில் படித்தவர். வீட்டுக்குக் கணினி வந்த பிறகு இணையத்தின் உதவியால் கணிதம் கற்று, சர்வதேச கணித ஒலிம்பியாட்டில் பதக்கம் வென்றார். கிராமத்துக்கு நல்ல ஆசிரியர் வர முடியாவிட்டாலும் பாடம் வர முடியும் என்பதே இந்தத் தளத்தின் அடிப்படை.

யுடெமியில் கட்டணப் பாடம் வெளியிடக் குறைந்தது 30 நிமிட வீடியோவும், குறைந்தது 5 தனித்தனிப் பாடங்களும் இருக்க வேண்டும். தமிழிலேயே பாடம் நடத்தலாம். ஸ்கில்ஷேர் போன்ற தளங்களில் சந்தா முறை உண்டு. சந்தா கட்டியவர்கள் உங்கள் பாடத்தை எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதைக் கணக்கிட்டுப் பணம் தருகிறார்கள்.

பங்கு எவ்வளவு?

சேரும் முன்பு நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. யுடெமியில் ஒரே பாடத்துக்கு மூன்று விதமாகப் பணம் வரும்.

நீங்களே அனுப்பிய இணைப்பு வழியாக ஒருவர் வாங்கினால் உங்களுக்கு 97 சதவீதம். தளத்தில் தானாகத் தேடி வந்து வாங்கினால் 37 சதவீதம். மாதச் சந்தா கட்டியவர்கள் பார்த்தால், சந்தா வருமானத்தில் ஆசிரியர்களுக்கென ஒதுக்கிய தொகை, பார்த்த நிமிடங்களின்படி பிரிக்கப்படும். இந்த ஒதுக்கீடு 2024-ல் 20 சதவீதம், 2025-ல் 17.5 சதவீதம், 2026-ல் 15 சதவீதம் எனப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வரி, தள்ளுபடி எல்லாம் போக உங்கள் பாடத்தின் நிகர விலை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் இணைப்பில் 100 பேர் வாங்கினால் 48,500 ரூபாய். தளம் தேடித் தந்த 100 பேர் வாங்கினால் 18,500 ரூபாய். வித்தியாசம் 30,000 ரூபாய். கமிஷன் மண்டியில் போடுவதற்கும் வீட்டு வாசலில் நேரடியாக விற்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஏற்கெனவே உங்களைத் தெரிந்தவர்கள், வாட்ஸ்அப் குழுவில் இருப்பவர்கள், பயிற்சிக்கு வந்து போனவர்கள் ஆகியோரே உங்கள் முதல் வாடிக்கையாளர்கள். அவர்களுக்கு நேரடி இணைப்பையே அனுப்புங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்கள். பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை கற்பவருக்கு உண்டு. ஆகவே இன்று விற்ற பாடத்தின் பணம் இன்றே கைக்கு வராது. தள்ளுபடித் திட்டத்தில் சேர்ந்தால் நீங்கள் வைத்த விலையைவிட மிகக் குறைந்த விலைக்கும் விற்கப்படும். பங்கு விகிதங்கள் மாறக்கூடியவை. சேரும் நாளில் அன்றைய விதிகளை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

என் பாடத்தை முதல் மாதத்தில் வாங்கியவர்கள் 11 பேர். அதில் 9 பேர் எனக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். "தூங்கும்போதும் பணம் வரும்" என்று சொல்பவர்களை நம்பி மாட்டை விற்றுக் கேமரா வாங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

எதைப் பாடமாக்கலாம்?

"நெல் சாகுபடி" என்று பொதுவாகத் தலைப்பு வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். அதற்கான தகவல்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்தில் படித்துப் புரியாத, கண்ணால் பார்த்தால் மட்டுமே பிடிபடும் வேலைகளைத் தேர்ந்தெடுங்கள்.

காளானையே எடுத்துக்கொள்வோம். வைக்கோலை 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 4 முதல் 6 மணி நேரம் ஊறவைத்து, வெந்நீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது பையில் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் கையேட்டில் எழுதிவிடலாம். ஆனால், 65 சதவீதம் என்பதை வீட்டில் எப்படி அளப்பது? ஒரு பிடி வைக்கோலை எடுத்து இறுக்கிப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். இதைச் செய்து காட்டும் 40 விநாடிக் காட்சிதான் என் பாடத்தில் அதிகம் பேர் திரும்பத் திரும்பப் பார்த்த இடம்.

ஒட்டுக் கட்டும்போது கத்தி இறங்கும் கோணம், தேனடையில் ராணித் தேனீயைக் கண்டுபிடிப்பது, முட்டையை விளக்கொளியில் பார்த்துக் கரு கூடியதா எனப் பிரிப்பது, பஞ்சகவ்யம் பதமானதை மணத்தாலும் நுரையாலும் அறிவது எல்லாம் இந்த வகை. உங்கள் கைக்குத் தெரிந்த, வாயால் சொல்லக் கடினமான வேலை எதுவோ, அதுவே உங்கள் சரக்கு.

படம்பிடிப்பது எப்படி?

கையிலுள்ள செல்போனே போதும். அதைக் கிடைமட்டமாக ஒரு தாங்கியில் பொருத்திக்கொள்ளுங்கள். செலவு செய்வதாக இருந்தால் முதலில் சட்டையில் மாட்டும் மைக் வாங்குங்கள். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்; மோட்டார் சத்தத்தில் பேச்சு கேட்காவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்பார்கள். காலை வெயில் ஏறும் முன்பு எடுத்தால் நிழல் உறுத்தாது.

ஒரு பாடம் 5 முதல் 8 நிமிடத்துக்குள் இருக்கட்டும். ஒரு பாடத்தில் ஒரே வேலை. முகத்தைக் காட்டிப் பேசுவதைவிடக் கையைக் காட்டிச் செய்யுங்கள். ஊர்த் தமிழிலேயே பேசுங்கள். ஆனால், அளவுகளைத் துல்லியமாகச் சொல்லுங்கள். "ஒரு கை", "கொஞ்சம்" என்பதையெல்லாம் கிராம், லிட்டராக மாற்றிச் சொன்னால்தான் வேறு மாவட்டத்தில் இருப்பவருக்குப் பயன்படும்.

நான் செய்த தவறு

என் பாடத்தை ஒரு மார்கழி மாதத்தில், ஓலை வேய்ந்த குடிலில் எடுத்தேன். படுக்கைகள் அருமையாக வெண்மை படர்ந்தன. மொட்டு வந்தது, அறுவடையும் காட்டினேன். நல்ல பாடம் என்று நானே திருப்திப்பட்டுக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். மகளிர் குழுவில் கடன் வாங்கி, சித்திரை மாதத்தில், சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே 100 படுக்கைகள் போட்டிருக்கிறார். அதில் 70-க்கும் மேல் பச்சைப் பூஞ்சை பிடித்துவிட்டது. செலவு 18,000 ரூபாய். "ஐயா, நீங்க சொன்ன மாதிரியே ஒண்ணுவிடாம செஞ்சேன். எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார்.

அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. வித்து பரவ 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை வேண்டும் என்று நான் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்திருந்தேன். சித்திரையில் ஷீட் கூரைக்குள் அந்த வெப்பநிலை வராது, ஆகவே அப்போது தொடங்காதீர்கள் என்று சொல்லவில்லை. முதல் முறை 10 படுக்கைக்கு மேல் போடாதீர்கள் என்றும் சொல்லவில்லை. நேரில் வந்திருந்தால் "கூரை என்ன?" என்று முதல் கேள்வியே கேட்டிருப்பேன். வீடியோ கேள்வி கேட்காது. என் பாடத்தின் விலை சில நூறு ரூபாய்தான். அதை நம்பி அவர் போட்ட பணம் அதைவிடப் பல மடங்கு.

பணம் திரும்பப் பெறும் 30 நாள் அவருக்கு முடிந்திருந்தது. கட்டணத்தை நானே அனுப்பினேன். ஐப்பசி வரை பொறுத்து, ஓலைச் சார்ப்பு இறக்கி, 20 படுக்கை மட்டும் போடச் சொன்னேன். அந்த முறை காளான் எடுத்தார். ஆனால், முதல் நட்டம் முழுதாக இன்னும் ஈடாகவில்லை.

அதன்பிறகு பாடத்தின் தொடக்கத்தில் ஒரு பகுதியைச் சேர்த்தேன். தலைப்பு: "யார், எப்போது இதைச் செய்யக் கூடாது?" அதை இலவச முன்னோட்டமாக வைத்தேன். பணம் கட்டும் முன்பே எவரும் பார்க்கலாம். அதனால் சிலர் வாங்காமல் போயிருக்கக்கூடும். போகட்டும்.

நீங்கள் பாடம் தயாரித்தால் இந்த நான்கையும் முதல் பாடத்திலேயே சொல்லிவிடுங்கள்: எந்த மாவட்டத்தில், எந்த மாதத்தில் எடுத்தது, என்ன மண், என்ன தண்ணீர், சிறிய அளவில் தொடங்க எவ்வளவு செலவாகும், எந்தச் சூழலில் தோற்கும். பூச்சி, நோய் மருந்து பற்றிப் பேசினால், மத்திய பூச்சிக்கொல்லி வாரியம் மற்றும் பதிவுக் குழு அந்தப் பயிருக்கு அனுமதித்த மருந்தையும் அளவையும் மட்டுமே சொல்லுங்கள். "எனக்குக் கேட்டது" என்பது பரிந்துரை ஆகாது.

வரியும் அனுமதியும்

விவசாய வருமானத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. விவசாயத்தைப் பற்றிப் பாடம் நடத்தி வரும் வருமானத்துக்கு அந்த விலக்கு பொருந்தாது. பான் அட்டை, வங்கிக் கணக்கு விவரங்களை ஒழுங்காக வைத்துக்கொண்டு, ஒரு தணிக்கையாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உதவி வேளாண்மை அலுவலர்கள் உள்ளிட்ட அரசுப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதி இல்லாமல் வருமானம் தரும் தனித் தொழிலில் ஈடுபடக் கூடாது. நானும் பணியிடத்தில் எழுத்துபூர்வமாக அனுமதி பெற்ற பிறகே பாடத்தை வெளியிட்டேன். அனுமதி கிடைக்காவிட்டால் வேறு வழி இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் உள்ள திறமையான விவசாயியைக் கண்டறிந்து, அவர் பாடம் தயாரிக்க வழிகாட்டுங்கள். அவர் கை வேலைக்கு உங்கள் அளவும் காரணமும் சேர்ந்தால் அதுவே நல்ல விரிவாக்கப் பணி.

எச்சரிக்கையும் தேவை. "பாடம் விற்று லட்சம் சம்பாதிப்பது எப்படி" என்று கற்றுத்தரவே ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெரிய தளங்களில் ஆசிரியராகச் சேரக் கட்டணம் இல்லை. சேர்த்துவிடுகிறேன் என்று முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முதலில் என்ன செய்யலாம்?

இந்த வாரம் ஒரே ஒரு வேலையை 5 நிமிடம் படம்பிடியுங்கள். அந்த வேலையைச் செய்தே அறியாத மூன்று பேருக்கு அனுப்பி, அதைப் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று கவனியுங்கள், வாய் திறக்காதீர்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே உங்கள் பாடத்தில் ஓட்டை இருக்கிறது. மூவரும் தடுமாறாமல் செய்து முடித்தால், அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானி ஒருவரிடம் காட்டி, அளவுகள் சரியா எனக் கேட்டுக்கொண்டு வெளியிடுங்கள்.

தேடி வரும் பக்கத்து ஊர்க்காரருக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அவர் கேட்கும் கேள்விகள்தான் உங்கள் அடுத்த பாடம்.