வேட்டை உடையும் மனித வாடையும்

துணி மனித உடலின் வாடையை எவ்வாறு ஏற்கிறது, எவ்வாறு விடுகிறது என்பதை நெசவாளரும் பருத்தி விளைவிப்போரும் அறிந்திருத்தல் நலம். இதனை நுணுகி ஆராய்வோருள் அமெரிக்க நாட்டு மான் வேட்டைக்காரரும் அடங்குவர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்துள்ளது. அங்கோ, உரிமம் பெற்றுக் குறித்த பருவத்தில் வெண்வால் மானை வேட்டையாடலாம்.

அம்மான் மோப்பத்தில் மிக வல்லது. மனிதனைத் தடவி வரும் காற்று அதன் மூக்கை எட்டினால், அவன் எத்துணை அசையாதிருப்பினும் அது ஓடி மறையும்.

புதிதாய்ச் சுரக்கும் வியர்வைக்கு வாடை மிகக் குறைவு. தோலில் வாழும் பாக்டீரியா அதனைச் சிதைக்கும்போதே நாற்றம் பிறக்கிறது. இங்குதான் இழையின் குணம் புலப்படும். கம்பளி வாடையைத் தன்னுள் ஈர்த்து மெல்லவே வெளிவிடும். பாலியெஸ்டர் ஈரத்தை ஏற்காது; ஆனால் வியர்வையின் எண்ணெய்ப் பசையைப் பற்றிக்கொள்ளும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சிக்குப் பின் பருத்திச் சட்டைகளைவிட பாலியெஸ்டர் சட்டைகளே மிகுதியாக நாறின. எனினும், நனைந்த பருத்தி உலர நெடுநேரமாகி உடலைக் குளிர்விக்கும். ஆகவே குளிர்காலத்தில் வேட்டைக்காரர் உள்ளுடையாகக் கம்பளியை விரும்புவர்.

அவர்கள் உடையைப் பேணும் முறையும் கருதத்தக்கது. மணமற்ற சோப்பில் துவைத்து, திறந்த வெளியில் உலர்த்துவர். துணிக்கு ஒளியூட்டும் இரசாயனம் கலந்த சோப்பை விலக்குவர். நம் கண் காணாத புற ஊதா ஒளியை மான் ஓரளவு உணரவல்லது. உலர்ந்த உடையைச் சமையற் புகையும் பெட்ரோல் வாடையும் அணுகாதவாறு மூடிய பெட்டியில் வைத்து, காட்டோரத்தில்தான் அணிவர். வியர்க்காதிருக்க, மேலுடையைக் கையில் கொண்டு மெல்ல நடப்பர். கால் தடத்தில் வாடை படியாதிருக்க ரப்பர் காலணி இடுவர்.

கிளர்வூட்டிய கரி பொதிந்த உடைகளும் அங்கே அதிக விலைக்கு விற்கப்படுகின்றன. நம் தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் செய்யப்படும் அக்கரி, நுண்துளைகளில் வாடையைப் பிடித்துவைக்கும் என்பது மெய். ஆனால் துளைகள் நிரம்பியபின் பயன் குன்றும். ஆலைகளில் அதனைப் புதுப்பிக்க ஏறத்தாழ 800 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; வீட்டு உலர்த்தும் இயந்திரம் அதற்கு ஈடாகாது. மேலும் முகமும் மூச்சும் உடைக்கு வெளியேதான் உள்ளன. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அத்தகைய உடை அணிந்து ஒளிந்தோரையும் மோப்ப நாய்கள் கண்டுபிடித்தன. ஆதலின் அனுபவமுள்ளோர், காற்று மானிடமிருந்து தம்மை நோக்கி வீசும் இடத்தில் அமர்வதையே முதல் விதியாகக் கொள்வர். உடை வாடையைக் குறைக்கும், ஒழிக்காது.

அங்கத்தினர்கள் இதிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. 'வாடை அறவே இராது' என்னும் சொல்லை நம்பி மிகுபணம் கொடுத்தவர், அது பொய்த்தபின் மறுமுறை அக்கடைக்கு வரார். பருத்தி வியர்வையை உறிஞ்சும், துவைத்தால் தூய்மையாகும் என்னும் உண்மையே நம் துணிக்குப் போதிய விளம்பரம். அதற்கு மேற்பட்ட எதையும் சீட்டில் அச்சிடுமுன் சோதித்தறிதல் சங்கத்தின் கடமையாகும்.