மட்டாஞ்சேரி: வாடகைக்கும் தெருவுக்கும் இடையே

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நடைபாதையிலும் மேம்பாலத்தின் அடியிலும் ரயில் நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் இரவைக் கழிப்பவர்களையே வீடற்றோர் என்று கொள்கிறது. 2011இல் அவ்வாறு எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர், அவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோர் நகரங்களில் இருந்தார்கள். மேற்குக் கொச்சியின் பழைய வணிகப் பகுதியான மட்டாஞ்சேரியை இந்த வரையறையால் அளந்தால், சிக்கலின் பெரும்பகுதி கணக்குக்குள் வராமலே போய்விடும். ஏனெனில் அங்கே சொந்த வீடில்லாத ஏழைக் குடும்பங்கள் பெரும்பாலும் தெருவில் படுப்பதில்லை. ஒற்றையறை வாடகையிலும் உறவினர் வீட்டின் ஓர் ஓரத்திலும் ‘பணயம்’ வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுகின்றன.

பணயம் என்பது தமிழ்நாட்டில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் வழங்கும் ஏற்பாட்டைப் போன்றது. பெருந்தொகை ஒன்றை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது தொகை திரும்பக் கிடைக்கும். ஆனால் நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ அந்தத் தொகையைத் திரட்டிய குடும்பத்துக்கு வட்டியே வாடகையாகிவிடுகிறது. வீட்டுக்காரர் திடீரென்று காலி செய்யச் சொல்லும் நாளில், அடுத்த வீட்டுக்கான தொகை உயர்ந்திருக்கும். கொடுத்த பணமும் உடனே கைக்கு வந்து சேராது. குடும்பத்தில் ஒரு நோயோ வேலையிழப்போ சேர்ந்துகொண்டால் தெரு வெகு தூரத்தில் இல்லை. வீடற்ற நிலையைச் சோம்பலின் விளைவாகவோ குடியின் விளைவாகவோ பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த நிலைக்கு வரலாறு உண்டு. மிளகும் சுக்கும் ஏலமும் குவிந்த கிடங்குகளும் துறைமுகமும் உழைப்பாளிகளை மட்டாஞ்சேரிக்கு இழுத்தன. அவர்களுடைய வேலைக்கோ உறைவிடத்துக்கோ எந்த உறுதியும் இல்லை. கொச்சித் துறைமுகத்தில் நெடுநாள் நிலவிய ‘சாப்பா’ முறையில், கூட்டத்தின் நடுவே வீசப்படும் உலோக வில்லையை முட்டி மோதிப் பிடித்தவருக்கே அன்றைய வேலை கிடைத்தது. அதை எதிர்த்த தொழிலாளர்கள் மீது 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பிற்பாடு சாப்பா ஒழிந்தது; ஆனால் வணிகம் மெல்ல வேறிடம் நகர, சரக்குப் பெட்டகங்கள் சுமைவேலையைக் குறைக்க, வருமானம் சுருங்கிய குடும்பங்கள் அதே நெருக்கடியான சந்துகளில் தங்கிவிட்டன.

நிலத்தின் மதிப்போ எதிர்த்திசையில் ஏறியது. சுற்றுலாவும், 2012 முதல் நடைபெறும் கொச்சி-முசிரிஸ் பினாலே கலைவிழாவும் பழைய வீடுகளையும் கிடங்குகளையும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாற்ற ஊக்கம் தந்தன. கடலோர ஒழுங்குமுறை விதிகள் புதிய கட்டடங்களுக்கு வரம்பு விதித்தன. இரண்டுமே தம்மளவில் தவறல்ல என்றாலும், வாடகைக்குக் கிடைக்கும் சிறிய வீடு என்ற ஒன்று இவற்றின் இடையே நசுங்கியது. வீடே பற்றாக்குறை என்றும் சொல்ல முடியாது: 2011 கணக்கெடுப்பின்போது கேரளத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் ஆளின்றிக் கிடந்தன.

அரசுத் திட்டங்களிலும் மட்டாஞ்சேரிக்குக் கடைசி இடமே வாய்த்தது. கேரளத்தின் ‘லைஃப்’ திட்டம் லட்சக்கணக்கான வீடுகளை எழுப்பிய பெரும் சாதனை. ஆனால் அது பாதியில் நின்ற வீடுகளை முதலிலும், நிலம் உள்ளவர்களை அடுத்தும், நிலமற்றவர்களை மூன்றாவதாகவும் எடுத்துக்கொண்டது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள் நிறைந்த பகுதி காத்திருக்க நேர்ந்ததில் வியப்பில்லை. ஃபோர்ட் கொச்சியை ஒட்டிய துருத்தியில் 394 குடும்பங்களுக்கான இரட்டை அடுக்குமாடிகள், ஒன்று 11 மாடியும் மற்றொன்று 13 மாடியுமாக, 2025 செப்டம்பரில்தான் திறக்கப்பட்டன. இந்த அடுக்குமாடிகளுக்கு வித்திட்ட ‘ராஜீவ் ஆவாஸ் யோஜனா’ என்ற மத்தியத் திட்டமே 2015இல் முடிவுக்கு வந்துவிட்டது. வேலையிடத்துக்கு அருகிலேயே, வாழ்ந்த பகுதியிலேயே வீடு கொடுத்தது துருத்தியின் சிறப்பு. ஒரு குழந்தை பள்ளிப்படிப்பை முடிக்கும் அளவுக்குக் காலம் கடந்தது அதன் குறை.

உண்மையிலேயே தெருவில் இருப்பவர்களின் தேவை வேறு. கைவிடப்பட்ட முதியோர், மனநோயால் வீட்டை விட்டு அலைபவர்கள், வேலை தேடி வந்த வெளிமாநிலத்தவர் எனப் பலரும் அவர்களில் அடக்கம். நகரங்களில் லட்சம் பேருக்கு ஓர் இரவுக் காப்பகமாவது வேண்டும் என்பது உச்சநீதிமன்ற ஆணைகளின் வழி வந்த அளவுகோல். காப்பகம் அவசரத்துக்கு உதவும், ஆனால் அங்கேயே ஒருவர் முதுமை அடையக் கூடாது. சென்னையில் 1993இல் தொடங்கிய ‘பான்யன்’ அமைப்பு, மனநோயிலிருந்து மீண்ட பெண்களைச் சிறு குழுக்களாகச் சாதாரணத் தெருக்களிலுள்ள வாடகை வீடுகளில் துணையோடு குடியமர்த்திவருகிறது. முதலில் நிலையான வீடு, பிறகு மற்ற உதவிகள் என்ற கொள்கையை ஃபின்லாந்து 2008 முதல் தேசியத் திட்டமாகவே நடத்தி, தெருவில் வாழ்வோரின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தது.

மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால், கொச்சி மாநகராட்சி இனிக் கட்டும் வீடுகளில் ஒரு பங்கையேனும் தானே வைத்துக்கொண்டு குறைந்த வாடகைக்கு விட வேண்டும். பணயத் தொகையைப் பதிவு செய்து பாதுகாக்கவும், நெருக்கடியில் உள்ள குடும்பத்துக்குச் சில மாத வாடகையைக் கடனாகத் தரவும் ஏற்பாடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மாற்று வீட்டின் சாவி கைக்கு வராமல் எந்தக் குடும்பத்தையும் வெளியேற்றக் கூடாது. கொச்சியின் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்காக 2008இல் மூலம்பிள்ளி முதலிய இடங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட 316 குடும்பங்களில் பலவும், பல ஆண்டுகள் கழித்தும் மறுவாழ்வுக்காகப் போராடிக்கொண்டிருந்தன.