தேயும் தகடு, தேயாத நம்பிக்கை

பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக் டிஸ்க்கை மாற்றுவதில் மிச்சமாவது சில நூறு ரூபாய். பணயம் வைக்கப்படுவது உயிர்.

தில்லி கரோல்பாகின் நாயிவாலா சந்துகளில் மோட்டார் சைக்கிளுக்குக் கிடைக்காத பொருள் இல்லை என்பார்கள். கூரையிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் சைலன்சர்கள், கண்ணாடிகள், முகப்பு விளக்குகள். நடுவே ஆணியில் மாட்டியிருக்கும் துளையிட்ட வட்டத் தகடுகள். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். விலையில்தான் வித்தியாசம். கம்பெனித் தகட்டுக்கு ஒரு விலை, பெயர் ஊர் தெரியாத தகட்டுக்கு அதைவிட வெகு குறைவான விலை. கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் புதுப்பேட்டை என்று எங்கு போனாலும் வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றுதான்: ‘குறைந்த விலையில் எது இருக்கிறது?’

இந்தக் கேள்விக்கு வயது அதிகமில்லை. 1969-ல் ஹோண்டாவின் சிபி 750 டிஸ்க் பிரேக்குடன் உலகச் சந்தைக்கு வந்தபோதும், இந்தியச் சாலைகளை டிரம் பிரேக்தான் ஆண்டுகொண்டிருந்தது. 1999-ல் வந்த ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-ல் வந்த பஜாஜ் பல்சர் போன்ற வண்டிகளே இங்கே டிஸ்க்கைப் பரவலாக்கின. அந்தத் தலைமுறை வண்டிகளுக்கு இன்று இருபது வயதுக்கு மேல். இரண்டு மூன்று கை மாறி இன்னும் ஓடிக்கொண்டிருப்பவையும் உண்டு. என்ஜின் ஆயிலை மறக்காமல் மாற்றுகிறார்கள். டிஸ்க்கை யாரும் கண்டுகொள்வதில்லை.

அந்தத் தகடு செய்யும் வேலையோ சாதாரணமானதல்ல. ஓட்டுபவரோடு சேர்த்து 250 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 35,000 ஜூல் ஆற்றலை வெப்பமாக்கியாக வேண்டும். ஒரு சிறிய டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதில் பெரும்பங்கு முன்சக்கர பிரேக்கின் தலையில் விழுகிறது. ஒரு கிலோ எடையுள்ள டிஸ்க், ஒருமுறை அப்படி நிற்பதற்குள் ஏறத்தாழ 50 டிகிரி சூடேறிவிடும். தகடு தேயத் தேய அதே வெப்பத்தைத் தாங்க இரும்பு குறைகிறது. சூடு ஏறுகிறது, தகடு கோணுகிறது. பிரேக் பிடித்தால் லிவர் விரலில் துடிப்பது அதன் முதல் எச்சரிக்கை.

இரண்டாவது எச்சரிக்கை தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான டிஸ்க்குகளில், எத்தனை மில்லிமீட்டர் வரை தேயலாம் என்ற அளவு இருக்கும். புதிதில் நாலைந்து மி.மீ. கனமுள்ள தகட்டில் தேய அனுமதி பெரும்பாலும் அரை மி.மீ., மிஞ்சினால் ஒரு மி.மீ. அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. பேட் உரசாத விளிம்பு தேயாமல் மேடாக நிற்கும். வெர்னியரின் வாய் அந்த மேட்டில் உட்கார்ந்து, இல்லாத கனத்தைக் காட்டும். தேய்ந்த பகுதியை மைக்ரோமீட்டரால் அளப்பதே சரி.

லேத் பட்டறைக்காரர்களின் வைத்தியம் வேறு. கோடு விழுந்த தகட்டைக் கடைந்து பளபளப்பாக்கிக் கொடுத்துவிடுவார்கள். காரின் கனத்த டிஸ்க்குக்கு இது ஓரளவு பொருந்தலாம். மோட்டார் சைக்கிளின் மெல்லிய தகட்டில், இருபுறமும் கடைந்தால் மிச்சமிருந்த அனுமதி பட்டறைத் தரையில் துகளாகக் கிடக்கும். பளபளப்பு கூடும், பலம் குறையும்.

மாற்றுவதும் நாலு போல்ட்டைக் கழற்றி மாட்டும் வேலை அல்ல. தொழிற்சாலையில் பசையிட்டு முறுக்கிய போல்ட்டுகள், துருவும் சேர்ந்தால் அசைய மறுக்கும். அவசரப்பட்டு எல்-கீயைத் திருகினால் போல்ட் தலை மழுங்கிவிடும். சூடுகாட்டி இளக்குவதே அனுபவசாலிகளின் வழி. ஹப்பில் துருத் துணுக்கு ஒன்று தங்கினாலும் புதுத் தகடும் ஆடும். பல தயாரிப்பாளர்கள் அனுமதிக்கும் ஆட்டம் 0.3 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. புதிய போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு முறுக்க வேண்டும். தகட்டில் பூசியிருக்கும் எண்ணெயைத் துடைக்க வேண்டும். பேடுகளும் புதியவையாக இருக்க வேண்டும். பழைய பேட் பழைய பள்ளங்களுக்குப் பழகியது.

பலரும் தவறவிடுவது கடைசிப் படி. புதிய பேடுக்கு இடம் தர காலிபர் பிஸ்டனை உள்ளே தள்ளியபின், முதல்முறை லிவரைப் பிடித்தால் அது ஹேண்டில்பார் வரை போகும், பிரேக் பிடிக்காது. லிவர் இறுகும்வரை பலமுறை அழுத்திய பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். முதல் 200, 300 கி.மீ. வரை, அவசியமில்லாமல் கடுமையாக பிரேக் பிடிக்காமல் ஓட்டினால் இரண்டும் ஒன்றோடொன்று பழகும்.

இந்தியச் சாலைகளில் 2022-ல் விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அவர்களில் 44.5 சதவீதத்தினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். எல்லாவற்றுக்கும் பிரேக் காரணமல்ல. ஆனால் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது, கடைசி நாலடியைத் தீர்மானிப்பது பிரேக்தான். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏபிஎஸ் கட்டாயம். அதற்கு முன் வாங்கிய வண்டிகளுக்கு அந்தக் காவல் பெரும்பாலும் இல்லை. அவற்றுக்கு இருப்பதெல்லாம் ஒரு தகடும், அதில் பொறித்த ஓர் எண்ணும்தான்.

கரோல்பாக் கடைகளில் அந்த எண்ணைப் பார்க்கக் காசு கேட்பதில்லை. புதுத் தகட்டைத் திருப்பிப் பார்த்தால் போதும். எண்ணே இல்லாத தகடு என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஆணியிலேயே தொங்கட்டும்.