ரிப்பன் மாளிகையில் எந்த வாசல்?

“பிரசவம் எங்கே நடந்தது, சார்?”

“கும்பகோணத்தில். மாமனார் ஊர்.”

“அப்படியானால் இங்கே இருக்காதே!”

பள்ளிக்கூட அட்மிஷன் சமயத்தில் சென்னை மாநகராட்சியின் மண்டல அலுவலகம் ஏதாவது ஒன்றில் அரை மணி நேரம் நின்றால் போதும். இந்த மாதிரிப் பேச்சு காதில் விழாமல் போகாது. வந்திருப்பவர் பத்து வருஷமாகத் திருவல்லிக்கேணியில் குடியிருப்பவர். வரி கட்டுவது இங்கே; ஓட்டுப் போடுவது இங்கே; ரேஷன் கார்டும் இங்கேதான். ஆகவே குழந்தையின் ஜனனமும் இங்கேதான் பதிவாகியிருக்கும் என்று அவர் நம்பி வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆனால் சட்டம் குடியிருப்பைப் பார்ப்பதில்லை. குழந்தை எந்த ஊரில் பூமியில் விழுந்ததோ, அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் அதற்கு இடம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற வழக்கம் தமிழ்நாட்டில் இருக்கிற வரையில் இந்தக் குழப்பமும் கூடவே இருந்து வரும் போலிருக்கிறது.

நகரசபையிடம் ஜனங்கள் கேட்கிற கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். விதி கடுமையானது என்பதல்ல கஷ்டம். எந்த வாசலில் போய் நிற்பது என்று தெரியாததுதான் கஷ்டம். தவறான வாசலில் நின்றுகொண்டிருக்கும்போது, சரியான வாசலில் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

இருபத்தோரு நாள்

ஜனன மரணப் பதிவுக்கு இந்தியா முழுவதற்கும் ஒரே சட்டம், 1969-ம் வருஷத்துச் சட்டம். ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தால் தகவல் கொடுக்க வேண்டியவர் ஆஸ்பத்திரியின் பொறுப்பு டாக்டர். வீட்டில் பிறந்தால் குடும்பத் தலைவர். கெடு 21 நாள். அதைத் தாண்டி 30 நாளுக்குள் என்றால் தாமதக் கட்டணத்தோடு முடிந்துவிடும். முப்பது நாளும் போய்விட்டால் மேலதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். ஒரு வருஷமே ஓடிவிட்டால் விஷயம் நகரசபையின் கையை விட்டே போய்விடுகிறது; கலெக்டரோ, அவர் அதிகாரம் கொடுத்த மாஜிஸ்திரேட்டோ விசாரித்து உத்தரவு போட்ட பிறகுதான் பதிவேட்டைத் திறப்பார்கள்.

ஆஸ்பத்திரிப் பிரசவங்களில் பதிவு விட்டுப் போவது அபூர்வம். அங்கே வருகிற வம்பு வேறு. பிரசவமாகிப் படுத்திருக்கும் தாயிடமோ, காப்பி வாங்க வந்த மைத்துனனிடமோ ஒரு படிவத்தை நீட்டி, தகப்பனார் பெயர் என்ன, விலாசம் என்ன என்று கேட்பார்கள். அவசரத்தில் சொல்லுகிற பெயர், அவசரத்தில் எழுதுகிற எழுத்து! தகப்பனாரின் இனிஷியல் ஒன்று குறைந்தால் அப்போது யாருக்கும் தெரிவதில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போகும்போதுதான் தெரிகிறது. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு நிமிஷம் நிதானமாகப் படித்துப் பார்ப்பவர், பின்னால் இரண்டு மாத அலைச்சலை மிச்சப்படுத்திக்கொள்கிறார்.

அடுத்தபடி, பெயர் சமாசாரம். குழந்தை பிறந்து 21 நாளுக்குள் பெயர் முடிவாகிற குடும்பங்கள் எத்தனை? தாத்தாவுக்குக் குலதெய்வத்தின் பெயர் வேண்டும். அத்தைக்கு எண் கணிதம் சரியாக வர வேண்டும். தாயார் மனத்தில் வேறொரு பெயர். இதற்காகப் பதிவைத் தள்ளிப் போட வேண்டிய அவசியமே இல்லை. பெயர் இல்லாமலே, ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை என்று பதிவு செய்துவிடலாம். பிறகு 12 மாதத்துக்குள் பெயரைச் சேர்த்தால் கட்டணமே கிடையாது. அதற்கப்புறம் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். அதற்கும் 15 வருஷம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். பழைய பதிவுகளுக்காகச் சர்க்கார் இந்தக் கெடுவை நீட்டித்துக் கொடுத்ததும் உண்டு. இருந்தும், பெயர்க் கட்டம் காலியாகவே கிடக்கிற சர்டிபிகேட்டுகளை இன்றும் பார்க்கலாம். பெயர் வைத்த வைபவத்துக்கு ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டவர்கள், நகரசபைக்குச் சொல்ல மட்டும் மறந்துவிடுகிறார்கள்!

ஒரு தரம் பதிந்த பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் ஆதாரம் காட்டித் திருத்தலாம். மனம் மாறி வேறு பெயர் வைக்க ஆசைப்படுவது வேறு விஷயம். ஜனனப் பதிவேடு அதற்கு இடம் கொடுப்பதில்லை.

இதெல்லாம் முன்பு ஓரளவு சமாளிக்கக்கூடியதாக இருந்தது. ஜனன சர்டிபிகேட் இல்லாவிட்டால் பள்ளிக்கூட சர்டிபிகேட், அதுவும் இல்லாவிட்டால் வேறொன்று என்று காட்டலாம். 2023-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அந்த வருஷம் அக்டோபர் 1-ந் தேதி முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் ஜனன சர்டிபிகேட்டே அத்தாட்சி. பள்ளியில் சேர்க்க, டிரைவிங் லைசென்ஸ் வாங்க, வாக்காளர் பட்டியலில் ஏற, கல்யாணத்தைப் பதிவு செய்ய, சர்க்கார் உத்தியோகத்துக்கு, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு காகிதம்தான். இப்போது தொட்டிலில் கிடக்கிற குழந்தைகளுக்குப் பழைய சால்ஜாப்புகள் செல்லாது.

கும்பகோணத்து மாப்பிள்ளைக்கு ஓர் ஆறுதல் உண்டு. 2018 ஜனவரி முதல் தமிழ்நாடு பூராவுக்கும் பொதுவான இணையப் பதிவு முறை வந்திருக்கிறது. அதற்குப் பின் பதிவான ஜனனம் என்றால், ரெயிலேறிப் போகாமலே சர்டிபிகேட்டை இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம். சென்னையில் பதிவானவற்றை மாநகராட்சியின் இணையத் தளத்திலிருந்து காசில்லாமலே பெறலாம். இதற்காகத் தரகர்களுக்குப் பணம் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

துக்க வீட்டில் ஒரு கேள்வி

மரணத்துக்கும் அதே விதி. மைலாப்பூரில் நாற்பது வருஷம் வாழ்ந்த பெரியவர், மகளைப் பார்க்க மதுரைக்குப் போன இடத்தில் காலமானால், பதிவு மதுரையில். சென்னைக்குக் கொண்டுவந்து தகனம் செய்தாலும் பதிவு மதுரையில்தான். வீட்டில் இறந்தவரானால், கடைசியாகப் பார்த்த டாக்டர் மரண காரணத்தை எழுதித் தர வேண்டும். அதையும் மயானத்து ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். இருபத்தோரு நாள் என்பது காரியங்கள் முடிந்து உறவினர்கள் ஊர் திரும்புவதற்குள் ஓடிவிடுகிற காலம்.

இங்கேயும் பெயர்தான் ஆளை அடிக்கிறது. பெரியவரை வீட்டில் எல்லாரும் ‘ராமு’ என்பார்கள், தெருவில் ‘ராமசாமி’, பாங்குப் புஸ்தகத்தில் ‘ராமசாமி ஐயா’ என்றோ, முன்னால் இரண்டு இனிஷியலுடனோ இருக்கும். துக்கத்தில் தொண்டை அடைத்துக்கொண்டு நிற்கிற பிள்ளை எதைச் சொன்னானோ அது பதிவாகிவிடுகிறது. பிறகு, அவருடைய பணத்தை அவருடைய மனைவி வாங்கப் போகும்போது, “இவர் வேறு, அவர் வேறு” என்கிறது பாங்கு. ஆதார் அட்டையையோ பாங்குப் புஸ்தகத்தையோ யாராவது ஒருவர் கையோடு எடுத்துப் போனால் அந்த அம்மாள் அந்த வார்த்தையைக் கேட்க நேராது.

வாரிசு சர்டிபிகேட்டுக்காக நகரசபைக்கு வருபவர்களும் அநேகம் பேர். அது இங்கே கிடைப்பதல்ல. மரண சர்டிபிகேட் தருவது நகரசபை. வாரிசு யார் என்று சொல்லுகிறவர் தாசில்தார். முதலாவது கையில் இல்லாமல் இரண்டாவதற்கு வழி கிடையாது.

யார் வீட்டுத் தண்ணீர்?

சென்னைவாசிகள் குழாயில் வருவதை இன்றும் ‘கார்ப்பரேஷன் தண்ணீர்’ என்றுதான் சொல்லுகிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. 1978-ல் சட்டம் போட்டுக் குடிநீரையும் கழிவுநீரையும் தனி வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டார்கள். மெட்ரோ வாட்டர் என்கிற அந்த வாரியம் வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் பேச்சு மாறவில்லை. பேச்சு மாறாததால் புகாரும் தப்பான இடத்துக்கே போகிறது.

தெருவில் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைத் தண்ணீரானால் மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டும். பாதாளச் சாக்கடை மூடி வழியாகப் பொங்கி வருகிறதானால் அது மெட்ரோ வாட்டருடையது. மூக்கே வழி சொல்லிவிடும். இரண்டும் கலந்து நிற்கிற தெருக்களும் இருக்கின்றன. அங்கே ஒவ்வோர் இலாகாவும் மற்றதைக் கை காட்டுவது சகஜம். இரண்டு இடத்திலும் புகார் எழுதி, இரண்டு நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்வதே உசிதம். வீட்டுக் கழிவுநீரை ரகசியமாக மழைநீர் வடிகாலில் திருப்பி விடுகிறவர்கள், மழைக் காலத்தில் தெருவாசிகளோடு சேர்ந்து சர்க்காரைத் திட்டுவதையும் காணலாம்.

ரோட்டில் குழியா? அதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். குடியிருப்புத் தெருக்கள் மாநகராட்சியின் பொறுப்பு. அண்ணா சாலை போன்ற பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது.

ரசீது இருந்தால் வீடு சொந்தமா?

சொத்து வரி வருஷத்துக்கு இரண்டு தவணை. ஏப்ரலில் ஓர் அரையாண்டு, அக்டோபரில் ஓர் அரையாண்டு. அரையாண்டு பிறந்து முதல் 30 நாளுக்குள் கட்டினால் நூற்றுக்கு 5 வீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை சலுகை உண்டு. பிந்தினால் வட்டி. 2022-ல் சென்னையில் வரியைத் திருத்தியபோது கூக்குரல் எழுந்தது. இருபது வருஷத்துக்கு மேல் கை வைக்காமல் விட்டு, ஒரே தாவில் ஏற்றினால் யாருக்குத்தான் வலிக்காது?

ஆனால் வரியின் தொகையைவிட ரசீதைப் பற்றிய தப்பெண்ணம்தான் ஜனங்களைக் கவிழ்க்கிறது. “என் பேரில் வரி ரசீது இருக்கிறது, வீடு என்னுடையது” என்கிறார்கள். வரி ரசீது, வரி கட்டியதற்கு அத்தாட்சி, அவ்வளவே. சொத்துரிமைக்குப் பத்திரம் வேண்டும், பட்டா வேண்டும். அதே போல, பத்திரம் பதிவானவுடன் நகரசபைப் புஸ்தகத்திலும் பெயர் தானாக மாறியிருக்கும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறவில்லையானால் மனுப் போட வேண்டும். வீட்டை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டவர் பெயருக்கு நோட்டீஸ் வந்துகொண்டிருந்தால், பிற்பாடு வட்டி கட்டுவது வாங்கினவர்தான்.

போன நாய் திரும்பி வந்தது

“பிடித்துக்கொண்டு போனார்கள், நான்காம் நாள் கொண்டுவந்து விட்டுவிட்டார்களே!” என்பது எல்லாத் தெருவிலும் கேட்கிற புகார். இதில் மாநகராட்சியைக் குற்றம் சொல்வதற்கில்லை. தெரு நாயைப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநாய்க்கடி நோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது மத்திய சர்க்காரின் 2023-ம் வருஷத்து விதி. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரெயில் நிலையம் போன்ற இடங்களுக்குள் பிடித்ததை மட்டும் அங்கேயே விடக் கூடாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது.

சரி, முதலில் யாரிடம் போவது? பெயரளவில் நகரவாசிக்கு மிகவும் அருகில் இருப்பவர் வார்டு கவுன்சிலர். சென்னையில் 200 வார்டுகள். ஆனால் சென்னைக்குக் கவுன்சிலர்களே இல்லாத காலம் கொஞ்சநஞ்சமல்ல. 1973-ல் கலைக்கப்பட்ட மன்றத்துக்கு மறு தேர்தல் நடந்தது 1996-ல். மறுபடி 2016 அக்டோபரிலிருந்து 2022 மார்ச் வரை மன்றம் இல்லை. கவுன்சிலரைப் போய்ப் பார்க்கிற பழக்கம் நகரத்தில் தேய்ந்து போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாநகராட்சியைச் சேர்ந்த குப்பை, தெரு விளக்கு, கொசு, மழைநீர், நாய் எல்லாவற்றுக்கும் டெலிபோனில் ஒரே எண்: 1913. மெட்ரோ வாட்டருக்கு 1916. புகார் சொன்னதும் ஒரு பதிவு எண் தருவார்கள். அதைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டால்தான் அடுத்த தடவை பேச்சுக்குப் பிடி இருக்கும். மாநகராட்சி எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வதில் சிரமம் இல்லை. ரிப்பன் மாளிகையைத் திறந்த வருஷமும் அதுதான்.